பயாஸ் கோளாறும் பயாஸ் அப்டேட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ். “பயாஸ் போயிடுச்சு” என்று சர்வீஸுக்கு வரும் மெஷின்களில் பெரும்பாலானவற்றில் பயாஸ் நன்றாகவே இருக்கும். ரேம் சரியாக உட்கார்ந்திருக்காது, பேட்டரி தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் அப்டேட் முடிவதற்குள் யாரோ பொறுமை இழந்து பவர் பட்டனை அமுக்கியிருப்பார்கள். வாடிக்கையாளர்களும் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வீட்டு டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டுக்கும் பொருந்தும். சர்வர்கள் தனிக் கதை.

பயாஸ் எங்கே இருக்கிறது? ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் போய்விடுமா?

போகாது. பயாஸுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் சம்பந்தமில்லை. மதர்போர்டில் எட்டு கால்களோடு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு ஃபிளாஷ் சிப் இருக்கும். அதற்குள்தான் அது குடியிருக்கிறது. இப்போதைய போர்டுகளில் அதன் கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 எம்பி. பவர் பட்டனை அமுக்கியதும் பிராசசர் முதலில் ஓட்டுவது அந்தச் சிப்பில் உள்ளதைத்தான். ரேமைத் தட்டி எழுப்புவது, டிஸ்ப்ளேவுக்கு உயிர் கொடுப்பது, எந்த டிஸ்க்கிலிருந்து விண்டோஸை எடுப்பது என்று முடிவு செய்வது எல்லாம் அதன் வேலை.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது பழைய பயாஸ். இன்றைய மெஷின்களில் இருப்பது அதன் வாரிசான யுஇஎஃப்ஐ. ஆனாலும் கடையிலும் வீட்டிலும் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம், தயாரிப்பாளர்களின் டவுன்லோடு பக்கத்திலும் பயாஸ் என்றே போட்டிருக்கும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினுக்கு அப்டேட் தேவையா?

காரணம் இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்பது பழைய அறிவுரை. பாதி இன்றும் சரி. மீதிப் பாதி மாறிவிட்டது, ஏனென்றால் காரணங்கள் கூடிவிட்டன.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கேம் நடுவில் நின்றுபோவது, பெரிய ஃபைலை விரிக்கும்போது பிழை காட்டுவது, காரணமில்லாமல் நீலத்திரை வருவது என்று நிறையப் பேர் தவித்தார்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி, உள்ளேயே தேய்மானம் ஏற்பட்டதுதான் காரணம். 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற எண்களில் இன்டெல் மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் திருத்தக் குறியீடு) வெளியிட்டது. அது நம் கைக்கு வருவது மதர்போர்டு நிறுவனத்தின் பயாஸ் அப்டேட் வழியாகத்தான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அப்டேட் இனிமேல் வரும் தேய்மானத்தைத் தடுக்கும், ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரைச் சரிசெய்யாது. அப்படிப்பட்ட சிப்களுக்காக இன்டெல் வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. அந்தத் தலைமுறை டெஸ்க்டாப் வைத்திருப்பவர் இன்னும் 2023 தேதியிட்ட பயாஸில் ஓட்டிக்கொண்டிருந்தால், இன்றே அப்டேட் செய்துவிடுவது நல்லது.

2023இல் ஏஎம்டியின் ராய்சன் 7000 பிராசசர் வரிசையில், பெயர் எக்ஸ்3டி என்று முடியும் சிப்கள் சில கருகிப்போன விவகாரத்திலும் இதே வழிதான். எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசருக்குள் மெமரி கண்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போவது) 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி புதிய பயாஸ்களில் வரம்பு போட்டார்கள்.

இப்படி எதுவும் இல்லாத, ஏழெட்டு வருடப் பழைய மெஷின், பயாஸும் அந்த மாடலுக்கு வந்த கடைசி வெர்ஷன் என்றால், தேடிப் போய் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது. பயாஸ் அப்டேட் செய்தால் வேகமாகுமா?

ஆகாது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள்.

தினமும் காலையில் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. இணையதளம் எல்லாம் “பாதுகாப்பற்றது” என்கிறது. பயாஸ் கெட்டுவிட்டதா?

பேட்டரி தீர்ந்துவிட்டது. மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் போல வெள்ளி நிறத்தில் ஒன்று இருக்கும்: சிஆர்2032, 3 வோல்ட். கடிகாரம் ஓடுவது அதில்தான். தேதி பின்னால் போய்விட்டால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் “இன்னும் அமலுக்கு வரவில்லை” என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும், அதனால்தான் எச்சரிக்கை. பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பேட்டரிதான், எழுதியிருக்கும் பக்கம் மேலே இருக்கும்படி போட்டுத் தேதியைச் சரிசெய்தால் முடிந்தது. லேப்டாப்பில் அதே பேட்டரி ஒயரோடு சுருங்கு டியூபில் சுற்றி வரும், அதைத் திறந்து மாற்றப் பழக்கம் வேண்டும்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. பயாஸ் சிப் போய்விட்டது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

வேறு எதையும் பார்க்காமல் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். டிஸ்ப்ளே வராததற்கு முதல் சந்தேகம் எப்போதும் ரேம்தான்.

பவரை அணைத்து, ஒயரையும் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் கால்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேயுங்கள், துகளை ஊதித் தள்ளுங்கள், ஒரே ஒரு ரேமை மட்டும் “டக்” என்று இரண்டு பக்கமும் பூட்டும்படி போட்டுப் பாருங்கள். ஸ்லாட்டை மாற்றிப் போடுங்கள். எத்தனையோ “டெட் போர்டு”கள் இந்த ரப்பரால் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

அதற்கும் மசியவில்லை என்றால் மெஷினே என்ன சொல்கிறது என்று பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் வந்த டெஸ்க்டாப் போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம் (ரேம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் என்று எழுதி நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ, அங்கேதான் சிக்கல். பழைய போர்டுகளில் பீப் சத்தம் வரும். லேப்டாப்களில் கேப்ஸ்லாக் விளக்கோ பவர் விளக்கோ குறிப்பிட்ட எண்ணிக்கையில் மின்னும். அந்த எண்ணிக்கைக்கு என்ன அர்த்தம் என்பதை நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பீப் சத்தம் வருகிறது என்றாலே பயாஸ் உயிரோடு இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், ஏனென்றால் அந்தச் சத்தத்தைப் போடுவதே அதுதான்.

அடுத்து சிமாஸ் கிளியர், அதாவது பயாஸ் செட்டிங்குகளை அழித்து டீஃபால்ட்டுக்குக் கொண்டுவருவது. போர்டில் இரண்டு ஊசிகள் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தை மேனுவலில் பார்த்து, பவர் இல்லாத நிலையில் சில விநாடிகள் ஸ்குரூடிரைவர் முனையால் இணைத்து எடுங்கள். செட்டிங்கில் யாரோ விளையாடியதால் வந்த பிரச்சினை என்றால் இதிலேயே தீர்ந்துவிடும்.

சரியான அப்டேட் ஃபைலைக் கண்டுபிடிப்பது எப்படி?

ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும் விண்டோவில் பயாஸ் வெர்ஷன், தேதி, போர்டின் பெயர் எல்லாம் இருக்கும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு போர்டு. டெஸ்க்டாப் என்றால் ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் 1.0, 1.2 என்று இரண்டு போர்டு இருக்கும், அவற்றின் பயாஸ் வேறாக இருக்கலாம். அந்த எண் போர்டின் ஓரத்தில் அச்சாகியிருக்கும். லேப்டாப்புக்கு அடியில் உள்ள சர்வீஸ் டேக் அல்லது சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டாலே உரிய ஃபைல் வந்துவிடும்.

நிறுவனத்தின் சொந்தத் தளத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் எடுக்காதீர்கள். “டிரைவர் அப்டேட்டர்” என்று விளம்பரத்தில் வருகிற மென்பொருள்களைப் பயாஸ் பக்கமே விடாதீர்கள்.

விண்டோஸில் இருந்தபடியே செய்யலாமா, பயாஸுக்குள் போய்ச் செய்ய வேண்டுமா?

பிராண்டட் லேப்டாப் என்றால் விண்டோஸில் இருந்தே செய்யலாம். அங்கே ஃபைலைச் சரிபார்த்து எடுத்து வைப்பது மட்டும்தான் நடக்கும், சிப்பில் எழுதுவது ரீஸ்டார்ட் ஆன பிறகு. விண்டோஸ் அப்டேட் வழியாகத் தானாகவே வருவதும் உண்டு. காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் இதுவரை பார்க்காத ஒரு திரையும் நகரும் பட்டையும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மூடியை மூடவும் வேண்டாம்.

அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புக்குப் பென்டிரைவ்தான் என் தேர்வு. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, ஜிப்பை விரித்து, உள்ளே உள்ள பயாஸ் ஃபைலை மட்டும் வெளியில் வைத்து, டெலிட் அல்லது எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் போய் அங்குள்ள ஃபிளாஷ் வசதியால் ஏற்றுங்கள். மெஷின் ஓவர்கிளாக்கில் (குறித்த வேகத்துக்கு மேல் ஓடும்படி) இருந்தால் முதலில் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அப்டேட் செய்ததும் நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. அது எங்கே இருக்கும்?

அது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெகவரி கீ. டிஸ்க்கைத் திறக்கும் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் காத்துவைத்திருக்கும். பயாஸ் மாறினால் “இது பழைய மெஷின் இல்லையே” என்று சந்தேகப்பட்டுச் சாவியைத் தர மறுக்கும். விண்டோஸ் 11 ஹோம் லேப்டாப்களிலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த உடனே இந்தப் பூட்டு தானாக விழுந்திருக்கலாம், உரிமையாளருக்கே தெரியாது.

வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பாருங்கள். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் இருக்கும். எங்கும் இல்லை என்றால் உள்ளே உள்ள ஃபைல்கள் கிடைக்காது, எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. எடுத்துத் தருகிறேன் என்பவர் டிஸ்க்கை ஃபார்மட் செய்யத்தான் போகிறார்.

ஆகவே அப்டேட்டுக்கு முன்பே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிவையுங்கள். விண்டோஸ் புரோ என்றால் கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. அதை அமுக்கிவிட்டு அப்டேட் செய்தால் கேள்வியே எழாது.

நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்?

சிப்பை அழித்து எழுதிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் போனால், போர்டு எழாமல் போகலாம். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் இந்தக் கவலை குறைவு. சார்ஜர் செருகாமலோ பேட்டரி மிகவும் குறைவாகவோ இருந்தால் அப்டேட் தொடங்கவே மறுக்கும். பேட்டரி செத்த லேப்டாப்பைச் சார்ஜரில் மட்டும் ஓட்டுபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வேண்டும், அதுவும் பேட்டரி உயிரோடு இருக்கிற யுபிஎஸ். சுவரில் உள்ள சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் பார்த்து, மெஷின் ஐந்து நிமிடம் தாங்குகிறதா என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதன் பின்னால் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற மோடில் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் இடைவெளியிலேயே டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்ட் நிறுத்தும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனது. பத்து நிமிடமாகத் திரை கறுப்பாகவே இருக்கிறது. ஆஃப் செய்துவிடலாமா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். ஆஃப் செய்யாதீர்கள்.

எழுதும்போது செத்துப்போகும் போர்டுகள் குறைவு. எழுதி முடிந்த பிறகு, “ஹேங் ஆகிவிட்டது” என்று நினைத்து நாம் அணைப்பதால் வரும் தலைவலிதான் அதிகம். புதிய பயாஸ் முதன்முறை எழும்போது பழைய செட்டிங் எதையும் நம்பாது. ரேமோடு எந்த வேகத்தில், எந்த நேரக்கணக்கில் பேசுவது என்பதை ஆரம்பத்திலிருந்து அளந்து பார்க்கும். இதற்கு மெமரி டிரெயினிங் என்று பெயர். டிடிஆர்5 ரேம் போட்ட போர்டுகளில், அதுவும் ராய்சன் 7000, 9000 வரிசையில், இதற்குப் பல நிமிடம் பிடிக்கும். ரேம் அதிகமாக இருந்தால் இன்னும் நேரமாகும். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாது, டிராம் விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். தானாகவே இரண்டு மூன்று தடவை அணைந்து எரியும். லேப்டாப்களில் ஃபேன் திடீரென்று முழுவேகத்தில் கத்தும், பிறகு அமைதியாகும். பயாஸ் முடிந்த கையோடு இன்டெல்லின் எம்இ ஃபர்ம்வேர் (சிப்செட்டுக்குள் தனியே ஓடும் மென்பொருள்), கீபோர்டையும் சார்ஜையும் பார்த்துக்கொள்ளும் ஈசி சிப் என்று அடுத்தடுத்து எழுதுவதும் உண்டு.

நான் சொல்லும் கணக்கு அரை மணி நேரம். பென்டிரைவ் விளக்கு மின்னினாலோ, டிராம் விளக்கு எரிந்தாலோ, கை வைக்கக் கூடாது. அரை மணி நேரம் ஆகியும் எந்த அசைவும் இல்லை என்றால் பவரை அணைத்து, சிமாஸ் கிளியர் செய்து, ஒரே ரேமோடு திரும்ப எழுப்பிப் பாருங்கள். இந்த இடத்தில் நிறைய மெஷின்கள் எழுந்துவிடும்.

பயாஸ் திரை வருகிறது, ஆனால் விண்டோஸ் எழவில்லை. டிஸ்க் போய்விட்டதா?

செட்டிங் போயிருக்கிறது. அப்டேட் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குத் தள்ளிவிடும். இன்டெல் லேப்டாப்களில் அதிகம் மாறுவது டிஸ்க்கை நடத்தும் முறை: விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்று இருந்தது ஏஹெச்சிஐ ஆகியிருக்கும், அல்லது நேர்மாறாக. விண்டோஸ் நிறுவியபோது எது இருந்ததோ அதற்கே மாற்றினால் எழுந்துவிடும். பழைய பயாஸ் முறையில் விண்டோஸ் போட்டிருந்தால், அந்த முறைக்கு இடம்கொடுக்கும் சிஎஸ்எம் அணைந்துபோயிருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ரேம் வேகம் குறைந்துவிட்டது என்றால், ரேமை அதன் குறித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவைத் திரும்ப ஆன் செய்ய வேண்டும்.

இதனால்தான் அப்டேட்டுக்கு முன்னால் பயாஸில் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

ஏஎம்டி மெஷின்களில் எஃப்டிபிஎம்மை (பிராசசருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) அழித்துப் புதிதாக்கவா, ஒய் அல்லது என் அழுத்து என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரலாம். பிட்லாக்கர் எண் கையில் இல்லாமல் ஒய் அழுத்தாதீர்கள்.

பாதியில் நின்று உண்மையிலேயே செத்துவிட்டது. இனி என்ன வழி?

வழி இருக்கிறது, போர்டைத் தூக்கிப் போட அவசரப்படாதீர்கள்.

டெல் லேப்டாப்களில் சார்ஜரைப் பிடுங்கி, கண்ட்ரோலையும் எஸ்கேப்பையும் சேர்த்து அமுக்கியபடியே சார்ஜரைச் செருகினால், பல மாடல்களில் ரெகவரித் திரை வரும். ஹெச்பியில் விண்டோஸ் கீயோடு பி எழுத்தை அமுக்கிக்கொண்டு பவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி அமுக்க வேண்டும். அதற்கான பென்டிரைவை வேறொரு மெஷினில் ஹெச்பியின் பயாஸ் ஃபைலை ஓட்டியே தயாரித்துக்கொள்ளலாம். உடனே ஒன்றும் நடக்காது, சில நிமிடம் காத்திருங்கள்.

டெஸ்க்டாப் போர்டின் பின்பக்கம், பென்டிரைவிலிருந்து பயாஸை நேரடியாக எழுதும் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஆசஸில் பயாஸ் ஃபிளாஷ்பேக், எம்எஸ்ஐயில் ஃபிளாஷ் பயாஸ் பட்டன், கிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ் பிளஸ் என்று பெயர் மட்டும் வேறு. பிராசசரும் ரேமும் இல்லாமலேயே வேலை செய்யும், போர்டுக்குப் பவர் வந்தால் போதும். தவறு நடப்பது இரண்டு இடத்தில்: ஃபைலின் பெயரை மேனுவலில் சொன்னபடி மாற்றாமல் விடுவது, குறி போட்ட யுஎஸ்பி துளையை விட்டு வேறொன்றில் செருகுவது. விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் எழுதுகிறது. சில விநாடியிலேயே மின்னுவதை நிறுத்தி நிலையாக எரிந்தால் ஃபைலைப் படிக்கவில்லை. அப்போது 32 ஜிபிக்குள் உள்ள வேறு பழைய பென்டிரைவை முயன்று பாருங்கள், புதிய வேகமான பென்டிரைவ்களைச் சில போர்டுகளுக்குப் பிடிப்பதில்லை.

இதுவும் இல்லை என்றால், சிப்பில் நேரடியாக எழுதும் புரோகிராமர் என்ற கருவி. சிஹெச்341ஏ என்ற சின்னக் கறுப்புப் பலகை, கூடவே எட்டுக்கால் கிளிப். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும், ஆன்லைனிலும் வாங்கலாம். கிளிப்பின் சிவப்பு ஒயர் சிப்பில் புள்ளி உள்ள கால் பக்கம் வர வேண்டும். லேப்டாப்பின் பேட்டரி, சார்ஜர், சிமாஸ் பேட்டரி மூன்றும் கழன்றிருக்க வேண்டும். முதலில் எழுதாதீர்கள், படியுங்கள். இரண்டு தடவை படித்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுச் சேமித்த பிறகுதான் மற்ற வேலை. ஒன்றாக இல்லை என்றால் கிளிப் சரியாக உட்காரவில்லை.

இங்கே இரண்டு பள்ளங்கள். முதலாவது, சில சிப்கள் 1.8 வோல்ட். அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். அந்தக் கறுப்புப் பலகையோ டேட்டா கால்களில் 5 வோல்ட் விடுகிற பேர்வழி, 3.3 வோல்ட் சிப்புக்கே அது அதிகம். சிப்பின் மேல் உள்ள எண்ணைப் படித்து வோல்டேஜைத் தெரிந்துகொள்ளாமல் கிளிப்பை மாட்டக் கூடாது. இரண்டாவது, தளத்தில் கிடைக்கும் ஃபைலை அப்படியே எழுத முடியாது. ஆசஸின் கேப் ஃபைலில் முன்னால் 2048 பைட் தலைப்பு ஒட்டியிருக்கும், அதை வெட்ட வேண்டும். லேப்டாப் சிப்பில் உங்கள் சீரியல் எண், விண்டோஸ் உரிமம், சிலவற்றில் நெட்வொர்க் முகவரி எல்லாம் இருக்கும். இன்னொருவர் மெஷினில் எடுத்த ஃபைலை ஏற்றினால் உங்கள் லேப்டாப் அவருடையதாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியுமா?

டெஸ்க்டாப் போர்டுகளில் பெரும்பாலும் முடியும். லேப்டாப்களில் பாதுகாப்புத் துளையை அடைத்த வெர்ஷனுக்குப் பின்னால் போகவிடாமல் பூட்டியிருப்பார்கள். அப்டேட்டின் குறிப்பிலேயே அதைச் சொல்லியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

பழைய பி450 போர்டில் புது ராய்சன் 5000 போட்டேன், எழவில்லை.

போர்டு 2018இல் வந்தது, பிராசசர் 2020 நவம்பரில். தனக்குப் பிறகு வந்ததைப் பற்றிப் போர்டுக்கு ஒன்றும் தெரியாது. பழைய பிராசசரையே திரும்பப் போட்டு, பயாஸை அப்டேட் செய்து, பிறகு புதியதை மாட்டுங்கள். பழையதை விற்றுவிட்டீர்கள் என்றால், போர்டு வாங்கிய கடையில் ஒரு பழைய ராய்சனைப் போட்டு ஏற்றித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று: 16 எம்பி சிப் உள்ள சில போர்டுகளில் புதியதற்கு இடம் வேண்டுமென்று மிகப் பழைய பிராசசர்களுக்கான ஆதரவை நீக்கியிருக்கிறார்கள். அப்டேட் செய்த பிறகு பழைய சிப் அதில் ஓடாமல் போகலாம்.

வைரஸ் பயாஸுக்குள் போகுமா?

போகும், ஆனால் அபூர்வம். 1998இல் பரவிய சிஐஹெச் வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று விழித்துக்கொண்டு, டிஸ்க்கோடு சேர்த்துப் பயாஸ் சிப்பையும் குப்பையால் நிரப்பியது. அப்போது சிப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலை. இப்போது தயாரிப்பாளரின் கையொப்பம் இல்லாத ஃபைலைப் பெரும்பாலான போர்டுகள் ஏற்காது. அதையும் மீறி 2018இல், பயாஸ் சிப்புக்குள் குடியேறும் லோஜாக்ஸ் என்ற வைரஸ் பிடிபட்டது. 2023 டிசம்பரில், பூட் ஆகும்போது தெரியும் லோகோ படத்தைப் படிக்கும் பகுதியிலேயே ஓட்டை இருப்பதாகத் தெரியவந்தது, லோகோஃபெயில் என்று பெயர். அதை அடைத்ததும் பயாஸ் அப்டேட்தான்.

செக்யூர் பூட் சான்றிதழ் 2026இல் காலாவதி என்கிறார்களே, மெஷின் நின்றுவிடுமா?

நிற்காது. செக்யூர் பூட் என்பது சரியான கையொப்பம் உள்ள பூட் மென்பொருளை மட்டும் ஓடவிடும் காவல். அதற்கு 2011இல் கொடுத்த மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் 2026 ஜூனில் தொடங்கி காலாவதியாகின்றன, அவற்றின் இடத்துக்கு 2023 சான்றிதழ்கள் வருகின்றன. மெஷின் எழும், ஆனால் பூட் பகுதிக்கான புதிய பாதுகாப்பு அப்டேட்கள் கிடைக்காமல் போகும். பெரும்பாலானவர்களுக்கு விண்டோஸ் அப்டேட்டே இதைச் செய்துவிடும். சில மாடல்களுக்கு முதலில் பயாஸ் அப்டேட் வேண்டும்.

நான் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். விண்டோஸ் இல்லாமல் அப்டேட் செய்ய முடியுமா?

டெல், லெனோவோ திங்க்பேட், ஹெச்பியின் அலுவலக மாடல்கள் பலவற்றுக்கு எஃப்டபிள்யுஅப்டி என்ற கருவி வழியாகவே வருகிறது, உபுண்டுவின் மென்பொருள் கடையிலும் தெரியும். மற்றவற்றுக்குப் பென்டிரைவ்.

பயாஸ் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றினால் போய்விடுமா?

டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் போய்விடும். இப்போதைய லேப்டாப்களில் போகாது, பாஸ்வேர்டு பேட்டரியில் ஓடும் நினைவகத்தில் இல்லை. வாங்கிய பில்லோடு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு என்றால் போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் பதில். செகண்ட் ஹேண்டில் லேப்டாப் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் பயாஸுக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும்.

கடையில் பயாஸ் எழுதக் கொடுக்கிறேன். என்ன கேட்க வேண்டும்?

பழைய சிப்பில் இருந்ததைப் படித்துச் சேமித்தார்களா என்று கேளுங்கள், அந்த ஃபைலின் ஒரு காப்பியைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் திரும்பி வந்ததும் பயாஸில் காட்டும் சீரியல் எண் அடியில் ஒட்டியிருப்பதோடு பொருந்துகிறதா, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, வைஃபையும் லேன் கேபிளும் வேலை செய்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஆன் செய்ததும் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாக அணைகிறது என்றால் எம்இ பகுதியைச் சரியாக எழுதவில்லை, திருப்பிக் கொடுங்கள்.